கேட்டுக்குக் குறுக்கே நின்ற வேன்

வேனக்கா ஹாரன் அடிக்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி, "ஏம்பா, நடுரோட்ல நின்னுக்கிட்டு என்ன குடும்பக் கதை?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், முன்னால் நிற்கிற லாரியே ஓரம் கட்டிவிடும். தொண்டை இருக்கும்போது ஹாரன் எதற்கு என்பது அவள் கட்சி.

அந்த வேன் அவள் புருஷன் ஓட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் முதுகெலும்பில் தட்டு விலகியது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. விற்றுவிடலாம் என்று அவர் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த காலி மைதானத்தில் அவர் பக்கத்து சீட்டில் முதுகுப் பட்டையோடு உட்கார்ந்து கத்த, அவள் திருப்பிக் கத்த, அப்படித்தான் வண்டி ஓட்டக் கற்றாள். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். "பொம்பள ஓட்டற வண்டியில எவன் பிள்ளைய ஏத்துவான்?" என்றார் பெரிய நாத்தனார். "ஏத்தாதவன் நடத்திக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று பதில் போனது. ஏற்றினார்கள். பிள்ளை வீட்டு வாசலுக்குள் காலெடுத்து வைக்கிற வரைக்கும் அவள் கியரைத் தொட மாட்டாள் என்பது தெரிந்த பிறகு, அவள் வண்டியில்தான் இடம் வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

பிறகு அந்தப் பள்ளிக்கூடமே சொந்தமாகப் பேருந்து வாங்கிவிட்டது. மறுபடியும் தார்ப்பாய். அப்போதுதான் தம்பி வந்தான்.

தம்பி என்றால் பேருக்குத்தான் தம்பி. அம்மா போனபோது அவன் இடுப்பை விட்டு இறங்காத வயசு. இவள்தான் குளிப்பாட்டினாள், இவள்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், இவள்தான் அவனுக்குப் பெண் பார்த்தாள். அவன் இப்போது பைகள் தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் விடுதியில் மேற்பார்வையாளன். பெரிய பெரிய பயணப் பைகள். சக்கரம் வைத்தது, வைக்காதது. எல்லாம் கடல் தாண்டிப் போகிறவை.

"அக்கா, விடுதியிலிருந்து காலையில ஏத்திட்டு வரணும், சாயந்தரம் கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான். நிரந்தர வேலை. ஒரே ஒரு கண்டிஷன். வழியில நிறுத்தக்கூடாது. பிள்ளைங்ககூடப் பேச்சு வச்சுக்காத."

"பேசாம நான் எப்படிடா வண்டி ஓட்டுவேன்? எனக்கு அது பெட்ரோல் மாதிரி."

"உன்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் வேலை வாங்கிக் கொடுத்தான்.

பெண்கள் எல்லோரும் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். ஏஜெண்டு ஒருவன் ஊர் ஊராகப் போய், வேலை, தங்குமிடம், சாப்பாடு, முடிவில் கையில் ஒரு தொகை என்று சொல்லி அழைத்து வந்திருந்தான். முதல் சில நாட்கள் அவர்கள் வண்டிக்குள் பூனைக்குட்டிகள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். வேனக்கா விடுவாளா? யாருக்குத் தூக்கம் வருகிறது, யாருக்குப் பல்வலி, எவள் எவளிடம் பேசுவதில்லை என்பதெல்லாம் சீக்கிரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருகிற ஒருத்தி எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பாட்டுக்காரி என்று பேர் வைத்தாள். குரல் சுமார்தான். ஆனால் பாடுகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒருநாள் சாயந்தரம் பாட்டுக்காரி கேட்டாள்: "அக்கா, நாம திரும்பற இடத்துல திரும்பாம நேரா போனா எங்க போகும்?"

"நேரா போனா பஸ் ஸ்டாண்டு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. வேனக்கா கண்ணாடியில் பார்த்தாள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

"ஏண்டி, லீவு நாள்லகூட அந்தப் பக்கம் போனதில்லையா? லீவுன்னா என்னதான் பண்ணுவீங்க?"

"துணி துவைப்போம்க்கா."

"துவைச்சுட்டு?"

"காயப் போடுவோம்."

"காய்ஞ்சதும்?"

"மடிப்போம்க்கா."

வண்டியே சிரித்தது. வேனக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது. மெல்ல மெல்லக் கேட்டாள். வந்து இறங்கிய அன்றே அடையாள அட்டைகளை வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். விடுதி கேட்டுக்கு வெளியிலிருந்துதான் பூட்டு. வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள் போன் பேசலாம். பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்கும். இடையில் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்ன ஒருத்தியை, சேர்த்து வைத்ததும் கிடையாது, போகவும் முடியாது என்று மிரட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

"போன் பேசும்போது யார் பக்கத்துல நிக்கறது?"

பாட்டுக்காரிதான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்க தம்பிதான்க்கா."

அந்த வாரமே தம்பி வீட்டுக்கு வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைங்க கார்டு எதுக்குடா உங்க அலமாரியில?"

அவன் கை நின்றது. "தொலைச்சுடுவாங்கக்கா. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"கேட்டை எதுக்கு வெளியில பூட்றீங்க?"

"பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது? எங்க வீட்டுப் பொண்ணுங்க மாதிரி பாத்துக்கறோம்."

"வீட்டுப் பொண்ணு மாதிரி எல்லாம் வேணாம்டா. வேலைக்கு வந்தவ மாதிரியே பாருங்க. வேலை முடிஞ்சா அவ பாட்டைப் பாத்துட்டு அவ போகட்டும்."

"உனக்கு ஏன்க்கா இந்த ஊர் வம்பு? வண்டியை ஓட்டினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இரேன்."

"நீ பண்றது எப்படி ஊர் வம்பாகும்? என் இடுப்புல வளந்தவன்டா நீ."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். புருஷன் உள்ளேயிருந்து, "பாவம், சாப்பிட விட்டிருக்கலாம்" என்றார். "சாப்பிட நானா வேணாம்னேன்?" என்றாள். ஆனால் அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வண்டி சர்வீசுக்குப் போனது. கம்பெனியே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று தம்பிதான் ஏற்பாடு செய்தான். திரும்ப எடுக்கப் போனபோது, வழக்கப்படி சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். பக்கவாட்டுக் கதவை உள்ளே உட்கார்ந்து சாத்தினாள். திறக்கக் கை வைத்தால் பிடி இல்லை. இருந்த இடத்தில் ஒரு தகடு அடித்து, வண்டிக் கலரிலேயே பெயிண்டும் பூசியிருந்தது. சத்தம் போட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

"என்ன வேலை இது?"

"கம்பெனியில சொன்னாங்கம்மா. ஓடற வண்டியில பிள்ளைங்க திறந்துடக்கூடாதுன்னு..."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களையே இந்தக் கதவோட ஏத்தினவ நான். அப்பத் திறக்காதது இப்பத் திறந்துடுமா? வண்டி தீப்பிடிச்சா இவங்க எப்படி இறங்குவாங்க, புகையாவா?"

"எனக்கு என்னம்மா தெரியும், சொன்னதைச் செஞ்சேன்."

"இப்ப நான் சொல்றேன். வண்டி என் பேர்ல இருக்கு. பிடியைத் திரும்ப மாட்டுங்க. மாட்டற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், எனக்கு வேற ஜோலி இல்ல."

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே தகட்டைப் பெயர்த்தார். அவள் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, கடைசித் திருகாணி இறுகுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வண்டியில் ஏறியவர்களிடம், "ஆளாளுக்கு ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கடி" என்றாள். வரிசையாகத் திறந்தார்கள், மூடினார்கள். அன்றைக்கு வேலைக்கு லேட். மேனேஜர் கேட்டதற்கு, "கதவு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு சார், பழக்கினேன்" என்றாள்.

மேனேஜர் மெதுவாகப் பேசுகிற ஆள். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அந்த மாதம் அவருக்குக் கோபப்பட நேரமில்லை. பைகளை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வருவதாக இருந்தது. விடுதிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கேட்டின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள் முளைத்தன. பூட்டு காணாமல் போனது. யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் நடந்தது. கம்பெனிக்காரம்மா வந்தார், சிரித்த முகம், கேள்விகள் கேட்டார். பக்கத்திலேயே மேனேஜர் நின்றார். பெண்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். வேனக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். சாயந்தரம் பூந்தொட்டிகள் வண்டி ஏறிப் போய்விட்டன. வாடகைக்கு எடுத்தவையாம்.

பாட்டுக்காரியின் பாட்டு நின்றுபோனது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. என்னடி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். ஊரில் அவளுக்கு ஒரே ஒரு அக்கா. தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. லீவு கேட்டதற்கு ஒப்பந்தம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா" என்று பாட்டுக்காரி மெல்லக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில அந்தத் திருப்பத்துல திரும்பாம நேரா போயிடறீங்களா? பஸ் ஸ்டாண்டுல என்னை மட்டும் இறக்கி விட்டுடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வேனக்கா வண்டியை ஓரம் கட்டினாள். வழியில் நிறுத்தக்கூடாது என்ற கண்டிஷன் அத்தோடு போயிற்று. திரும்பி உட்கார்ந்தாள்.

"கார்டு இல்லாம எங்க போவே? போற வழியில எவனாவது பிடிச்சுக் கேட்டா? நாளைக்கு வேற இடத்துல வேலைக்குச் சேரணும்னா? அதுவும் தவிர, நீ என்னத்தைத் திருடிட்டே, ஒளிஞ்சு ஓட? வந்த வாசல் வழியாவே போ. நான் கூட இருக்கேன்."

"விட மாட்டாங்கக்கா."

"விட மாட்டாங்கன்னு நீ சொல்ற. விட மாட்டேன்னு அவங்க வாயால சொல்லட்டும். எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்து, காலையில் செய்யப்போவதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "வேலை போயிடும்" என்றார்.

"போகும்."

"தம்பி முகத்துல முழிக்க மாட்டான்."

அவள் வேன் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"சரி" என்றார் அவர். "கேட்டுக்குக் குறுக்க நிறுத்தறதுன்னா நேரா நிறுத்தாத. கொஞ்சம் சாய்ச்சு நிறுத்து. அப்பத்தான் ரெண்டு பக்கமும் அடைக்கும். கியர்ல போட்டுட்டு இறங்கு, தள்ள முடியாது."

அவள் புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனிடமிருந்து வந்த மிக அழகான பேச்சு அதுதான் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில், தொழிற்சாலை கேட்டுக்குக் குறுக்கே, சாய்வாக, வேன் நின்றது. உள்ளே பெண்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்கு உட்புறம் பைகள் ஏற்றிய லாரி துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வேனக்கா இறங்கி வண்டி முன்னால் வந்து நின்றாள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். அப்புறம் தம்பி. அப்புறம், அவசரமே இல்லாமல், மேனேஜர்.

"என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். இந்தப் பொண்ணு ஊருக்குப் போகணும். அவ கார்டைக் கொடுங்க, எடுத்துட்டுப் போயிடறோம்."

"உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"கார்டு வெளிய வரட்டும் சார். எதுக்கு நான் உள்ள வரணும்?"

மேனேஜர் குரல் இறங்கியது. "ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. இது சட்டப்படி நடக்கற கம்பெனி. போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க சார், புண்ணியமாப் போகும். நானே கூப்பிடலாம்னுதான் இருந்தேன், நம்பர் தெரியல. வந்ததும், அடுத்தவ கார்டை அலமாரியில பூட்டி வைக்கறது எந்தச் சட்டம்னு அவங்களையே கேட்டுடுவோம்."

மேனேஜர் போனை எடுத்தார். எடுத்த போனைக் கையிலேயே வைத்திருந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? அவர் யாருக்கும் போன் போடவில்லை. தம்பியைப் பார்த்து, "வண்டியை எடு" என்றார்.

தம்பி அக்காவின் பக்கத்தில் வந்தான். "அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது.

"சாவி வண்டியிலதான்டா இருக்கு. ஏறி எடு. உள்ள உக்காந்திருக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடு."

அவன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். ஒரு காலை மேலே வைத்தான். பின்னால் இருந்தவர்கள் ஒரு சத்தமும் போடாமல் அவனையே பார்த்தார்கள். அவன் ஒவ்வொருத்தியும் வீட்டாரோடு என்ன பேசினாள் என்று பக்கத்தில் நின்று கேட்டவன். எவளுடைய அம்மாவுக்கு மூச்சிரைப்பு, எவளுடைய தங்கை பரிட்சை எழுதுகிறாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தான். கேட்டோரமாகப் போய் நின்றுகொண்டான்.

அதற்குள் லாரி ஹாரன் காதைக் கிழித்தது. லாரிக்காரர் பொறுமை இழந்து இறங்கி வந்தார். ஆள் பனைமரம் மாதிரி இருந்தார். "யாரும்மா அது, கப்பல் போயிடும், எடும்மா வண்டியை!"

"உங்க சரக்குக்குக் கப்பல் இருக்கு அண்ணே. சரக்குத் தைச்ச பொண்ணுக்கு பஸ்ஸுக்குப் போக வழியில்ல" என்றாள் வேனக்கா. விஷயத்தைச் சொன்னாள். லாரிக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். திரும்பிப் போய் லாரியில் ஏறினார். சரி, இடித்துத் தள்ளப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். இன்ஜின் உறுமல் நின்றது. அவர் இறங்கி வந்து கேட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"எனக்கு அவசரமில்ல. இங்க டீ கிடைக்குமா?"

மேனேஜருக்கு முகம் வெளுத்தது அப்போதுதான். வேனக்காவை மிரட்டலாம். கப்பலை மிரட்ட முடியாது. கடைசியில் தம்பியைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான்.

"என்கிட்ட எதுக்கு? யாருதோ அவகிட்டக் கொடு."

பாட்டுக்காரி இறங்கி வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிலிருந்த தன் முகத்தையே பார்த்தாள். வேனக்கா வண்டியை எடுக்கத் திரும்பியபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "என்னோடதும் வேணும்." அப்புறம் இன்னொன்று. "எனக்கும்." "நான் ஊருக்குப் போகல சார், வேலைக்குத்தான் வர்றேன். ஆனா கார்டு என்கிட்ட இருக்கட்டும்." பல்வலிக்காரிகூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேனக்காவே எதிர்பார்க்காதது அது. அவள் மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டு வண்டி மேல் சாய்ந்தாள். லாரிக்காரர் இரண்டாவது டீ கேட்டார்.

அலமாரி காலியான பிறகுதான் வேன் நகர்ந்தது.

பாட்டுக்காரியைப் பேருந்தில் ஏற்றி, அது கிளம்பிக் கண்ணுக்கு மறைகிற வரை நின்றுவிட்டு வந்தாள். அன்றோடு வேனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பி போனை எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி மட்டும் ஒருமுறை எடுத்து, "நல்லா வளத்தீங்க, நல்லாக் கெடுத்தீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வேனக்கா வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

சரக்கு தாமதமானால் பெரிய கம்பெனிகள் காரணம் கேட்கும். லாரிக்காரரைக் கேட்டார்கள். டயர் பஞ்சர் என்று சொல்லச் சொல்லி மேனேஜர் கெஞ்சியும், அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்புறம் ஒரு மத்தியானம், ஆய்வுக்கு வந்த அதே கம்பெனிக்காரம்மா வேனக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். இந்த முறை சிரித்த முகம் இல்லை. அன்றைக்கு ஏமாந்துபோனோம் என்ற வெட்கம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எங்க கம்பெனி கொள்கை இதுல ரொம்பக் கறார்ம்மா. அடிமை வேலை நடக்கற இடத்துல நாங்க வாங்க மாட்டோம். இன்னிக்கே ஆர்டரை நிறுத்திடறோம்."

அவர் நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வேனக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நிறுத்திட்டா?"

"அவங்களுக்குப் பாடமா இருக்கும்."

"யாருக்குப் பாடம்? மேனேஜர் நாளைக்கு வேற கம்பெனிக்குத் தைப்பான். இந்தப் பிள்ளைங்களை ராத்திரியோட ராத்திரியா வண்டியேத்தி வேற எங்கயாவது தள்ளுவான், அங்க கேக்க ஒரு வேனக்காகூட இருக்க மாட்டா. நீங்க கையைக் கழுவிக்குவீங்க, உங்க கை சுத்தமாயிடும். வேண்டிய மட்டும் பை வாங்கினீங்கல்ல? அப்ப இவங்க உங்க ஆளுங்கதானே? இப்ப எப்படி விட்டுட்டு ஓடுவீங்க?"

"நாங்க ஓடலம்மா..."

"நிறுத்தறதுக்குப் பேர் என்ன அப்புறம்? ஆர்டர் இருக்கற வரைக்கும்தான் அவன் உங்க பேச்சைக் கேப்பான். இருந்து சரி பண்ணுங்க. முதல்ல அந்தப் பிள்ளைங்ககிட்டப் பேசுங்க. மேனேஜர் பக்கத்துல இல்லாம."

"எங்க பேசறது? விடுதியிலயும் ஆள் இருக்கும், பேக்டரியிலயும் ஆள் இருக்கும்."

வேனக்கா எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

விசாரணை முடிகிற வரை பெண்கள் வேனக்கா வண்டியில்தான் வர வேண்டும் என்று கம்பெனிக்காரம்மா மேனேஜரிடம் சொல்லிவிட்டார்; அந்த வாரம் முழுக்க அந்த வேனில்தான் பேச்சு நடந்தது. பெண்கள் முதலில் பழைய பாடத்தையே ஒப்பித்தார்கள். வேனக்கா திரும்பாமலே, "அடியே, இது பரிட்சை இல்லடி" என்றாள். பல்வலிக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். கம்பெனிக்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா தன் மேலிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆர்டரை நிறுத்துவது சுலபம், ஒரு கையெழுத்து. இருந்து சரி செய்வது தலைவலி. தலைவலியைத்தான் தேர்ந்தெடுக்க வைத்தார். விடுதிப் பூட்டு நிஜமாகவே போனது. ஏஜெண்டு மூலம் ஆள் எடுக்கக்கூடாது என்றானது. போன் அவரவர் கைக்கு வந்தது. போக விரும்பியவர்கள் உழைத்ததற்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. வேண்டாமென்றால் போகலாம் என்பதுதான் வித்தியாசம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு ஊரில் இதைவிடப் பெரிய வேலையில் சேர்ந்தார். ஏஜெண்டு இன்னும் ஊர் ஊராகத்தான் சுற்றுகிறான். தம்பிக்கு வேலை போனது. அவன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். புருஷனுக்குத்தான் போன் செய்வான். "அக்கா நல்லாருக்காளா" என்று கேட்பான். பக்கத்தில் அவள் இருப்பது அவனுக்கும் தெரியும், அவன் கேட்பது இவளுக்கும் காதில் விழும். "நல்லாருக்கான்னு சொல்லுங்க" என்று இவள் புருஷனிடம் சொல்வாள். அதற்கு மேல் இறங்கி வர இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. "மன்னிப்பு கேட்டா என்ன குறைஞ்சுடும்?" என்று புருஷன் ஒருமுறை கேட்டார். "எதுக்கு? கேட்டுக்குக் குறுக்க நிறுத்தினதுக்கா? நாளைக்கும் நிறுத்துவேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பாட்டுக்காரி ஒருநாள் போன் செய்தாள். அக்காவுக்குப் பெண் குழந்தையாம். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "உன் குரலுக்கு அது பரவாயில்லடி" என்றாள் வேனக்கா.

வேலை அவளுக்கே திரும்ப வந்தது. பெண்கள்தான் வேறு வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். புது மேனேஜர் இளைஞர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் பயந்த சுபாவம். முதல் லீவு நாளில் பெண்கள் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார்கள். வேனக்கா கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அவர்கள் சிதறின கடுகு மாதிரி நாலா பக்கமும் போனார்கள். அவள் வண்டியை நிழலில் போட்டுவிட்டு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"அக்கா, பொண்ணுங்க எல்லாம் எங்க?" என்றார் புது மேனேஜர்.

"கடைத்தெருவுல சார்."

"கடைத்தெருவுல எங்க?"

"தெரியாது சார்."

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

"எப்பத் திரும்பி வருவாங்க?"

"வரணும்னு அவங்களுக்குத் தோணும்போது வருவாங்க சார். எனக்கு அவசரமில்ல. உங்களுக்கு அவசரம்னா நீங்களும் கிளம்பி வாங்க, இங்க டீ நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.